பதினொரு பெட்டிகளில் ஒரு மொரிஸ் மைனர்

கேள்வி: வணக்கம் ஐயா. நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியராக இருக்கிறேன். என் அப்பா பெரிய பங்களாவில் டிரைவராக இருந்தவர். துரையின் மொரிஸ் மைனரை விடியற்காலையில் கழுவித் துடைத்து, பகல் முழுவதும் ஓட்டி, இரவில் பூட்டிவிட்டு லயத்துக்கு நடந்து வருவார். எங்களில் ஒருவர்கூட அந்த வண்டிக்குள் உட்கார்ந்ததில்லை. அப்பா போய் ஒன்பது வருடங்கள் ஆகின்றன. பண்டாரவளையில் ஒருவர் 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் ஒன்றை விற்கிறார். அவருடைய தகப்பனார் புதுப்பிக்கத் தொடங்கி, முழுவதுமாகக் கழற்றிய பிறகு இறந்துவிட்டாராம். கூட்டுக்குப் பச்சை நிறம் புதிதாக அடித்து, பளபளப்பாக இருக்கிறது. மற்ற எல்லாம் பதினொரு பெட்டிகளிலும் சில சாக்குகளிலும் கிடக்கின்றன. "ஒன்றும் குறையவில்லை, பூட்டினால் சரி" என்கிறார். ஆறரை லட்சம் கேட்கிறார். கட்டாரில் இருக்கும் தம்பி பாதி தருகிறான். எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், கொஞ்சம் கற்றும் கொள்வேன். அம்மாவுக்கு 71 வயது. அம்மாவை ஏற்றிக்கொண்டு ஹட்டன் வரை ஒருமுறை போக வேண்டும். வாங்கலாமா?
– ஓர் ஆசிரியர், மஸ்கெலியா

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்றாம் முறை அம்மாவின் வயதுக்குக் கீழே கோடு போட்டேன். அந்த எண்ணை வைத்துக்கொண்டுதான் பதில் எழுதுகிறேன்.

இந்த வண்டியை, இந்த விலைக்கு, இப்போது வாங்காதீர்கள், தம்பி. வருத்தத்தோடு சொல்கிறேன். நீங்கள் கேட்பது எவ்வளவு நியாயமான ஆசை என்று எனக்குத் தெரியும். நானும் தோட்டத்துப் பிள்ளை. பங்களாவுக்குப் போகும் பாதையில் அந்த வண்டி வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்று வளர்ந்தவன்.

"பூட்டினால் சரி" என்ற சொல்லை நம்பி நானும் ஒருமுறை பணம் கொடுத்திருக்கிறேன். 1987இல், தலவாக்கலையில் கராஜ் போட்ட புதிதில், ஓர் ஒஸ்டின் ஏ-40 சமர்செட்டை இப்படித்தான் பிரித்த நிலையில் வாங்கினேன். கதவுகளைச் சாக்கில் சுற்றித் தும்புக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். நான்கு இருக்கிறதா என்று எண்ணினேன். நான்கு இருந்தன. கயிற்றை அவிழ்க்கவில்லை. பத்து மாதம் கழித்து, வெல்டிங் எல்லாம் முடித்துக் கதவைத் தூக்கிப் பிடித்தபோதுதான், இரண்டு கதவுகள் அதற்கு முந்திய மொடலான டெவனுடையவை என்று தெரிந்தது. இரண்டு வண்டிகளிலும் ஏறக்குறைய ஒரே எஞ்சின்; கூடு வேறு. சமர்செட் 1952 முதல் 1954 வரை மட்டுமே வந்த வண்டி. கதவு தேடி நான் ஏறி இறங்காத இடமில்லை. மூன்றாம் வருடம் எஞ்சினை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைக் கம்பளையில் இரும்பு நிறைக்குப் போட்டேன். லொறி போன பிறகு என் மனைவி வெறும் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பணம் அவளுடைய சீட்டுப் பணம்.

அதனால்தான் சொல்கிறேன்: பிரித்த வண்டியில் பெட்டிகளை எண்ணிப் பயனில்லை. ஒவ்வொன்றையும் எடுத்து, அது இருக்க வேண்டிய இடத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கூட்டைப் பேசுவோம். மொரிஸ் மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. கூடுதான் எலும்பு. கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் தகரப் பெட்டியும், முன் இருக்கைகளுக்கு அடியில் குறுக்காக ஓடும் இரும்பும் அந்த வண்டியின் முதுகெலும்பு. முன் சக்கரங்களைத் தாங்கும் டோர்ஷன் பார்களின் (முறுகி வில்லாக வேலை செய்யும் நீள இரும்புக் கம்பிகளின்) பின்முனை அந்தக் குறுக்கு இரும்பில்தான் பூட்டப்பட்டிருக்கிறது. அது உக்கினால் முன்பக்கம் படுத்துவிடும். பின்னால், வில்லுத் தட்டுகள் கூட்டோடு சேரும் இடங்களும் அப்படியே. பச்சை நிறம் பளபளக்கிறது என்று மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்தப் பளபளப்புத்தான் பயம் தருகிறது. துருவைக் கண்ணால் பார்த்தால் எவ்வளவு என்று அளந்துவிடலாம். பெயின்டுக்குக் கீழே இருப்பது தகரமா, ஓட்டையை அடைத்த பட்டிப் பசையா என்று யார் சொல்வது? ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக்கொண்டு போங்கள். கதவுக்குக் கீழும், மட்கார்டுகளின் ஓரங்களிலும், தரையின் மூலைகளிலும் வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. கீழ்த் தகரப் பெட்டியை வெட்டி வெல்டிங் செய்தபோது கதவுகள் மாட்டப்பட்டிருந்தனவா? அல்லது கூட்டுக்கு உள்ளே குறுக்காக இரும்பு வைத்துத் தாங்கியிருந்தார்களா? இரண்டும் இல்லையென்றால் கூடு நடுவில் தொய்ந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு கதவுகளையும் மாட்டித்தான் பார்க்க வேண்டும். கதவின் இடைவெளி மேலே நெருங்கிக் கீழே அகன்றால் நடுப்பகுதி தொய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியானால் அந்தப் புதுப் பெயின்டையும் வெல்டிங்கையும் வெட்டி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கதவு மாட்டிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், நன்றி சொல்லிவிட்டு பஸ் ஏறுங்கள்.

எஞ்சின் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. 1948இல் தொடங்கி 1970களின் ஆரம்பம் வரை 16 லட்சத்துக்கும் மேல் செய்த வண்டி இது. 1959ஆம் ஆண்டு வண்டியில் 948 சிசி எஞ்சின் இருக்க வேண்டும்; அதன் இலக்கம் 9 என்று தொடங்கும். 10 என்று தொடங்கினால் யாரோ பின்னாளில் 1098 சிசி எஞ்சினை வைத்திருக்கிறார்கள். அது நல்ல எஞ்சின்தான், ஆனால் பதிவுப் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். கூட்டின் தகடுகளைப் பற்றியும் பெரிய கவலை இல்லை: 1990களில் இந்த நாட்டிலேயே மைனருக்குத் தகடுகள் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். கொழும்பில் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் தேடினால் பெரிய பாகங்கள் பெரும்பாலும் அகப்படும். பணத்தையும் நாட்களையும் தின்பவை சின்னச் சாமான்கள்: கண்ணாடி ஏற்றி இறக்கும் பொறி, கதவுப் பூட்டின் எதிர்த்தகடு, பம்பரைத் தாங்கும் இரும்பு, கண்ணாடி ரப்பர், இடது வலது மாறாத பிரேக் தட்டுகள். கழற்றியவர் உயிரோடு இருந்தால் எந்தப் போல்ட் எந்தத் துளைக்கு என்று கேட்கலாம். அந்த மனிதர் தன் ஞாபகத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். பெட்டிகளில் எழுதி ஒட்டியிருக்கிறாரா? ஒரு கொப்பியாவது வைத்திருக்கிறாரா? இருந்தால் அந்தக் கொப்பிக்கே நான் தனியாகப் பணம் கொடுப்பேன்.

அடுத்தது பதிவுப் புத்தகம். வண்டி இறந்தவர் பெயரில் இருந்தால், மகன் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டு விற்பது போதாது. வாரிசுரிமை சட்டப்படி தீர்ந்திருக்க வேண்டும். கையெழுத்து மட்டும் போட்ட வெற்றுப் படிவத்தைத் தந்து, "பிறகு மாற்றிக்கொள்ளுங்கள்" என்றால் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். புத்தகத்தில் உள்ள சேசிஸ் இலக்கத்தை, எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகரச் சுவரில் பூட்டிய சிறு தகட்டோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பெயின்ட் அடித்தவர்கள் அந்தத் தகட்டைக் கழற்றி எந்தப் பெட்டியில் போட்டார்களோ! அது இல்லாமல் அந்தக் கூட்டை இன்ன வண்டி என்று நிரூபிக்கவே முடியாது. மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு விபரத்தை எடுத்து, ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். வருமான அனுமதிப்பத்திர நிலுவை எவ்வளவு என்று பிரதேச செயலகத்திலும் கேட்டுவிடுங்கள். அதுவும் விலையில் சேரும்.

இனி, வண்டியை எங்கே வைப்பீர்கள் என்று எழுதவில்லையே? நீங்கள் இருப்பது தோட்டத்துக் குவார்ட்டர்ஸ் என்றால், கொட்டகை போட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். மஸ்கெலியா மழையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூடுபனியில் வெறும் இரும்பை இரவு வெளியில் வைத்தால் காலையில் சிவந்திருக்கும். வயர்களை எலி தின்னும். கொட்டகை இல்லாமல் அந்தப் பதினொரு பெட்டிகள் வந்து இறங்கினால், வராந்தாவில் கொஞ்சம், கட்டிலுக்கு அடியில் கொஞ்சம் என்று சிதறி, அடுத்த வருடம் நீங்கள் விற்கும்போது ஒன்பது பெட்டிகளாக இருக்கும். நான் இதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாம் சரியாக அமைந்தாலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாடசாலை விடுமுறையிலும் மட்டும் வேலை செய்தால், கைதேர்ந்தவனுக்கே மூன்று வருடம் வேண்டும். நீங்கள் கற்றுக்கொண்டே செய்பவர். அம்மாவுக்கு அப்போது என்ன வயது என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

ஆகவே நான் சொல்லும் வழி இது. அந்த ஆறரை லட்சத்தோடு, பூட்டும் செலவுக்கு ஒதுக்க நினைத்ததையும் சேர்த்து, ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மைனரைத் தேடுங்கள். பெயின்ட் மங்கியிருக்கட்டும், இருக்கைத் துணி கிழிந்திருக்கட்டும். கூடு உறுதியாகவும் புத்தகம் உயிரோடு உள்ளவர் பெயரிலும் இருந்தால் போதும். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கீழ் மூட்டுக்குக் கிரீஸ் அடிக்காமல் விட்டால், அது ஒருநாள் கழன்று சக்கரம் மடங்கிவிடும். அது கினிகத்தேனை வளைவிலா நடக்க வேண்டும்? பிரேக் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில், தரைக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. எட்டுவது கஷ்டம் என்பதாலேயே பலர் அதைக் கவனிப்பதில்லை. வாங்கிய அன்றே அதையும் பிரேக் குழாய்களையும் புதிதாகப் போடுங்கள். ஒரு விடயம்: அரை அங்குல நட்டுக்கு 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் போடாதீர்கள். அங்குல ஸ்பேனர் ஒரு கட்டு முதலில் வாங்குங்கள்.

பிறகு அம்மாவை முன் இருக்கையில் உட்கார வைத்து, ஹட்டனுக்குப் போங்கள். மிச்ச வேலைகளை ஒவ்வொன்றாக, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். உங்கள் அப்பா செய்ததும் அதுதானே?

பண்டாரவளை வண்டியை மனம் விட மறுத்தால், ஒரு முழுநாள் ஒதுக்கிப் போய், கதவுகளை மாட்டி, சேசிஸ் தகட்டைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். கூடு நேராகவும் புத்தகம் சுத்தமாகவும் இருந்தால், கேட்கும் விலையில் பாதிக்கு மேல் போகாமல் பேசலாம். ஆனால் அதை இரண்டாவது வண்டியாக வாங்குங்கள்.

கேள்வி: என்னிடம் 1954ஆம் ஆண்டு மைனர், 803 சிசி. நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஏற்றத்தில் பின்னால் வரும் பஸ்கள் ஹோர்ன் அடித்துக் கொல்கின்றன. 1098 எஞ்சின் வைக்கலாமா?
– ஒரு வாசகர், லிந்துலை

பதில்: வைக்கலாம். ஆனால் எஞ்சினோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் வண்டியின் பின் டிப்ரன்சலில் (பின் சக்கரங்களைச் சுழற்றும் பல்சக்கரப் பெட்டியில்) விகிதம் 5.375க்கு 1, 1098 வண்டியில் அது 4.22க்கு 1. பழையதையே விட்டால் எஞ்சின் கதறும், வண்டியின் உச்ச வேகம் கூடாது. கியர்பொக்ஸும் எஞ்சினோடு வரட்டும். முன் பிரேக் டிரம் உங்களுடையதில் 7 அங்குலம். 1098க்கு 8 அங்குலம் கொடுத்தார்கள். றம்பொடை இறக்கத்தை நினைத்து, எஞ்சினுக்கு முன் பிரேக்கை மாற்றுங்கள். புதிய எஞ்சின் இலக்கத்தைத் திணைக்களத்தில் பதிவு செய்யாமல் பாதையில் இறக்க வேண்டாம்.

கேள்வி: கதவுத் தூணிலிருந்து கை நீட்டும் பழைய சிக்னலைக் கழற்றிவிட்டு மின்னும் விளக்குப் போடச் சொல்கிறார்கள். மனம் வரவில்லை.
– ஒரு வாசகி, வெலிமடை

பதில்: கழற்றாதீர்கள் அம்மா. 1961 வரை வந்த மைனர்களுக்கு அந்தக் கைதான் அழகு. அதை ஓடும் நிலையிலேயே வைத்துக்கொண்டு, மின்னும் விளக்குகளையும் தனியாகப் போடுங்கள். பட்டிப்பொலப் பக்கம் மூடுபனி இறங்கும்போது அந்தச் சிறு கையைப் பின்னால் வரும் லொறிக்காரர் பார்க்க மாட்டார். வயர் இழுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: உங்கள் வண்டியில் பேட்டரியின் நேர்முனைதான் கூட்டோடு பூட்டப்பட்டிருக்கும். இன்றைய வண்டிகளுக்கு நேர்மாறு. வேலை செய்பவரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.