உணர்ச்சி இல்லாதவனா கிறிஸ்டஃபர்?

கேள்வி: மார்க் ஹேடனின் ‘தி க்யூரியஸ் இன்சிடென்ட் ஆஃப் தி டாக் இன் தி நைட்-டைம்’ நாவலைப் பாதியில் மூடிவிட்டேன். அம்மா இறந்துவிட்டாள் என்றபோதுகூட, என்ன வகை மாரடைப்பு என்றுதான் கேட்கிறான் கதை சொல்லும் பையன் கிறிஸ்டஃபர். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு உணர்ச்சி கிடையாது என்கிறார்கள். அப்படிப்பட்டவன் சொல்லும் கதையை எதற்குப் படிக்க வேண்டும்?

பதில்: யார் சொன்னது அப்படி? யார் சொல்லியிருந்தாலும் தவறு. கோபம், பயம், பாசம் எல்லாம் அவர்களுக்கும் உண்டு. வெளிப்படும் விதம்தான் நமக்குப் பழக்கமில்லாதது.

விட்ட இடத்திலிருந்து படியுங்கள். இறந்துவிட்டாள் என்று அப்பா சொன்ன அம்மா உயிரோடுதான் இருக்கிறாள். அவள் எழுதிய கடிதங்கள் அப்பாவின் அலமாரியில், ஒரு சட்டைப் பெட்டிக்குள் கிடைக்கின்றன. 15 வயதுப் பையன் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிக்கிறான். துக்கம், ஏமாற்றம் என்று எதற்கும் பெயர் வைப்பதில்லை. கொஞ்ச நேரம் நினைவிலேயே இல்லாமல் போகிறது. கண் திறந்தால் படுக்கையெல்லாம் வாந்தி. இதைவிட எப்படி அழுது காட்டச் சொல்கிறீர்கள்?

கட்டிப்பிடித்தால் அவனுக்குத் தாங்காது. அதனால் அப்பா கையை உயர்த்தி விரல்களை விரிப்பார். இவனும் விரித்து, விரலோடு விரல் தொடுவான். அந்த வீட்டில் அணைப்பு அதுதான். பிறகு, அப்பா செய்த ஒரு காரியம் அவர் வாயாலேயே தெரியவருகிறது. அவர் வழக்கம்போல் விரல்களை விரிக்கிறார். இவன் அலறி, அவரைக் கட்டிலிலிருந்து தள்ளிவிடுகிறான். தெருமுனைக் கடையைத் தாண்டித் தனியாகப் போயிராத பையன், அந்தப் பயத்தில்தான் தன் ஊரான ஸ்விண்டனிலிருந்து அம்மா இருக்கும் லண்டனுக்கு ரயில் ஏறுகிறான்.

எனக்குள்ள மனக்குறை வேறு. 2003இல் வந்த இந்த நாவலைப் பலர் ஆட்டிசப் பாடநூலாகவே பிடித்துக்கொண்டார்கள். கதைக்குள் அந்தச் சொல்லே வராது. தான் நிபுணர் அல்ல என்று ஹேடனே சொல்லியிருக்கிறார். ஆட்டிசம் உள்ள எல்லாரும் கிறிஸ்டஃபரைப் போலக் கணக்கில் புலி என்று நினைப்பது அந்தக் குழந்தைகளுக்குச் செய்யும் அநியாயம். பேச்சே வராதவர்கள் இருக்கிறார்கள், கணக்கே பிடிக்காதவர்களும் இருக்கிறார்கள்.

ஹேடனை முடித்த கையோடு, டெம்பிள் கிராண்டின் 1986இல் வெளியிட்ட தன்வரலாறு ‘எமர்ஜென்ஸ்’ நூலையும் படியுங்கள். ஆட்டிசம் உள்ளவரே தன் கதையைச் சொல்கிறார் அதில். கிறிஸ்டஃபரிடம் எது ஹேடனின் கற்பனை, எது வாழ்க்கைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று அப்போது நீங்களே சொல்வீர்கள்.