கொட்டமுத்து கம்பெனிக்குப் போய் என்ன ஆகிறது?

கேள்வி: நாமக்கல் பக்கம் நிலக்கடலைக்குள் ஊடுபயிராகக் கொட்டமுத்து (ஆமணக்கு) போட்டிருக்கிறேன். வாங்க வருகிற வியாபாரி, ‘இது கம்பெனிச் சரக்கு’ என்கிறார். அங்கே எண்ணெயை என்ன செய்கிறார்கள்? நாங்களே அதைச் செய்து விற்க முடியுமா? ஆட்டிய புண்ணாக்கை மாட்டுக்கு வைக்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். வைக்கவே கூடாது. ரிசின் என்ற நச்சுப் புரதம் எண்ணெயில் இறங்காமல் புண்ணாக்கிலேயே தங்கிவிடும். வயலுக்குப் போடுங்கள், தழைச்சத்து நன்றாகக் கிடைக்கும். மூட்டையை மட்டும் ஆடு, மாடு, நாய் வாய் வைக்காத இடத்தில் வையுங்கள்.

கம்பெனி விஷயத்துக்கு வருவோம். ஆமணக்கு எண்ணெயில் 85 முதல் 90 சதவீதம் ரிசினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். 18 கார்பன் கொண்ட அதன் சங்கிலியில் 12-ஆவது கார்பனில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதி (ஒரு ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த OH) இருக்கிறது. கடலை எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ இது கிடையாது. வேதியியல்காரர்களுக்கு இது ஒரு கைப்பிடி மாதிரி. இதைப் பிடித்துத்தான் எண்ணெயை வேறு பொருளாக மாற்றுகிறார்கள். நிக்கல் வினையூக்கியோடு ஹைட்ரஜன் ஏற்றினால் எண்ணெய் மெழுகாகக் கெட்டிப்படும், உருக 85 டிகிரி வெப்பம் வேண்டும். அதிலிருந்து எடுக்கும் அமிலம்தான் பேரிங்குக்கு வைக்கிற லித்தியம் கிரீசுக்கு அடிப்படை. நீர் மூலக்கூறை நீக்கினால் சீக்கிரம் உலரும் பெயின்ட் எண்ணெய். கந்தக அமிலம் சேர்த்தால் சாயப்பட்டறையில் புழங்கும் டர்க்கி ரெட் ஆயில். சங்கிலியையே துண்டித்து நைலான் 11 செய்கிறார்கள். லாரிகளின் காற்று பிரேக் குழாய்க்குக்கூட அது போகிறது. பெட்ரோலியம் தேவையில்லாத பிளாஸ்டிக் அது.

இதெல்லாம் வீட்டிலோ சிறு செக்கிலோ ஆகிற வேலை இல்லை. ஹைட்ரஜன் அழுத்தமும் கந்தக அமிலமும் விளையாட்டல்ல. சொந்தமாக எண்ணெய் விற்க ஆசை என்றால், விதையை வறுத்து இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு எடுக்கும் விளக்கெண்ணெயோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு உள்ளூரிலேயே ஆள் உண்டு.

ஆலைக்கு விற்பதானால் உங்கள் கையில் இருப்பது விதையின் தரம்தான். ஈர விதையை மூட்டை கட்டினால் எண்ணெய் உள்ளுக்குள்ளேயே சிதைந்து அமிலம் ஏறும். முதல் தர எண்ணெய்க்கு அமில மதிப்பு (எண்ணெயில் பிரிந்து நிற்கும் அமிலத்தைக் காட்டும் அளவு) 2-க்குள் இருக்க வேண்டும். எனவே எல்லாக் குலைகளையும் ஒரே நாளில் அறுக்காமல், பழுக்கப் பழுக்க எடுங்கள். பூசணம் பிடித்த காயைத் தனியே ஒதுக்குங்கள். உடைந்த விதை சீக்கிரம் கெடும், அடிக்கும்போது கவனம். அப்புறம், காய்ந்துவிட்டதா என்று பல்லில் கடித்துப் பார்க்கிற பழக்கம் இந்த விதைக்கு வேண்டாம்.

விலையை நிர்ணயிப்பது குஜராத் சந்தை. பேரம் பேசுமுன் டீசா, ராஜ்கோட் விலையைப் போனில் பார்த்துக்கொள்ளுங்கள்.