கறுப்புத் திரையில் பிள்ளை செய்யும் வேலை: விசுவமடுத் தந்தை ஒருவருக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் தங்கள் மகள், ஆங்கில வகுப்புக்கும் போகாமல் இரவிரவாக மடிக்கணினியின் கறுப்புத் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறார் என்றும், கேட்டால் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில் மெய்நிகர் கணினிகளை நிர்வகிக்கும் கட்டளைவரிக் கருவி (கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் மென்பொருள்) செய்வதாகச் சொல்கிறார் என்றும், இதனால் ஒரு வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவர் அனுப்பிய நிரலையும் குறிப்புகளையும் வாசித்தேன். தொடர விடலாம் என்பதே என் கருத்து. ஆயினும் எதை முடிக்கும்வரை தொடர வேண்டும் என்பதில் அவருடன் ஓர் உடன்பாட்டுக்கு வருவது நல்லது.

மெய்நிகர் கணினி என்பது ஒரு கணினிக்குள்ளே மென்பொருளால் உருவாக்கப்படும் இன்னொரு கணினி. லினக்ஸில் இதற்கு அடிப்படையான கேவிஎம் என்னும் வசதி 2007இல் வெளிவந்த 2.6.20 பதிப்பிலேயே, இயங்குதளத்தின் மையப் பகுதியான கேர்னலுக்குள் சேர்ந்துவிட்டது. நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளாக அடைத்து ஓட்டும் டொக்கர் போன்றவற்றில், அப்பெட்டிகள் இரணைமடு வாய்க்காலில் நீர் பெறும் வயல்கள் மாதிரி எல்லாம் ஒரே கேர்னலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மெய்நிகர் கணினியோ தனக்கென்று கிணறு வெட்டிய தோட்டம். பாதுகாப்புக் கூட, செலவும் கூட. அந்தச் செலவைக் குறைக்கவே இலகு மெய்நிகர் கணினிகள் வந்தன. அமேசன் 2018இல் திறந்த மூலமாக (நிரலை எவரும் பார்த்துப் பயன்படுத்தும்படி) வெளியிட்ட ஃபயர்கிராக்கர், 125 மில்லிசெக்கனில் ஒரு கணினியைத் தொடக்கிவிடக்கூடியது. ஒவ்வொன்றுக்கும் அது தனக்காக எடுத்துக்கொள்ளும் நினைவகம் 5 மெகாபைட்டுக்கும் குறைவு. நிரலை மட்டும் கொடுத்தால் ஓட்டித்தரும் அந்நிறுவனத்தின் லாம்டா சேவை அதன்மேல்தான் ஓடுகிறது. கட்டளைவரியிலிருந்து இத்தகைய கணினிகளை உருவாக்கவும் நிறுத்தவும் அழிக்கவும் மல்ரிபாஸ், லீமா முதலிய கருவிகள் ஏற்கெனவே இலவசமாகக் கிடைக்கின்றன. ஆகவே மகளின் கருவி விலைபோகும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வேலைக்கு எடுப்பவர் முன் வைக்கக்கூடிய சான்றாக மட்டும் அதைக் கருதுங்கள்.

அந்தச் சான்றின் பெறுமதி, எல்லாம் சரியாக நடக்கும்போது கருவி என்ன செய்கிறது என்பதில் இல்லை. அதை எந்த மாணவரும் ஒரு வாரத்தில் எழுதிவிடலாம். ஏதாவது பிழைக்கும்போது அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைத்தான் அனுபவமுள்ள பொறியியலாளர் தேடிப் பார்ப்பார். மகளின் கருவி ஒரு மெய்நிகர் கணினியைத் தொடக்கியவுடன் அதன் செயல் இலக்கத்தை (ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் லினக்ஸ் கொடுக்கும் எண்ணை) ஒரு கோப்பில் எழுதி வைக்கிறது. மின்சாரம் திடீரென்று நின்று மீண்டும் வந்தால் அந்தக் கோப்பு மட்டும் அப்படியே கிடக்கும், பட்டியலைக் கேட்டால் கணினி இன்னமும் ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டும். அதிலும் ஆபத்தானது, அதே இலக்கம் இப்போது வேறொரு செயலுக்குப் போயிருக்கக்கூடும் என்பது. நிறுத்தும் கட்டளையைக் கொடுத்தால் தொடர்பில்லாத ஒன்றைக் கொன்றுவிடும். இதற்கு வழி, ஓடும் செயலே ஒரு கோப்பைப் பூட்டி வைத்திருக்கச் செய்வது, ஏனெனில் செயல் இறந்தவுடன் கேர்னல் அந்தப் பூட்டைத் தானாக விடுவித்துவிடும். அல்லது மெய்நிகர் கணினியை ஓட்டும் மென்பொருளான கியூஎமு தரும் கட்டுப்பாட்டு வாயிலில் நேரடியாக நிலையைக் கேட்பது. மின்வெட்டுக்குப் பழகிய ஊரில் இதைச் சோதிப்பதற்குத் தனியாக ஏற்பாடு எதுவும் வேண்டியதில்லை.

இன்னும் இரண்டு குறைகளை அவரிடமே எழுதியிருக்கிறேன். கருவி தோல்வியுற்றாலும் பூச்சியத்தையே திருப்புகிறது, அதாவது வெற்றி என்கிறது. இதை நம்பி இன்னொரு நிரல் அடுத்த வேலைக்குப் போய்விடும். பயனருக்குக் கேவிஎம் குழுவில் அனுமதி இல்லாதபோது "தொடக்க முடியவில்லை" என்று மட்டும் சொல்கிறது. காரணத்தையும் அதைத் திருத்தும் கட்டளையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மெச்சத்தக்க ஓர் இடமும் உண்டு. லினக்ஸின் ஒரு வகையான உபுந்துவின் முகிற்கணினிப் படிமம் (இணையவழிக் கணினிச் சேவைகளுக்கென்று ஆயத்தமாக நிறுவி வைத்த இயங்குதளப் பிரதி) ஒன்றே பல நூறு மெகாபைட் வரும், தங்கள் வீட்டில் இணையமோ டேட்டா அட்டையில்தான் ஓடுகிறது. ஆகையால் அறுந்த பதிவிறக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடரவும், முடிந்ததும் கோப்பு பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் ஷா-256 கூட்டலைச் சரிபார்க்கவும், ஒரே அடிப்படைப் படிமத்தின்மேல் ஒவ்வொரு கணினிக்கும் மாற்றங்களை மட்டும் பதியும் கியூகவ்2 அடுக்கை வைக்கவும் அவர் எழுதியிருக்கிறார். மேலடுக்கு ஒன்றாவது இருக்கும்வரை அடிப்படைப் படிமத்தை அழிக்க விடாமலும் தடுத்திருக்கிறார். வேகமான இணையத்தின் நடுவே இருப்பவருக்கு இது முதலில் தோன்றாது. நேர்முகத் தேர்வில் இந்தப் பகுதியைத்தான் அவர் விளக்க வேண்டும்.

வேலை என்று பார்த்தால், இந்த அறிவு டெவ்ஒப்ஸ் (மென்பொருளை வெளியிட்டு இடையறாது ஓட வைக்கும் வேலை), முகிற்கணினி, முறைமைப் பொறியியல் ஆகிய துறைகளுக்குரியது. வன்னிக்குள் அவ்வேலைகள் அரிது. கொழும்புக்குப் போக வேண்டும் அல்லது வீட்டிலிருந்தே வெளியூர் நிறுவனத்துக்குச் செய்ய வேண்டும். தொடக்கத்தில் பயிலுநர் மென்பொருள் பொறியியலாளராகவோ தொழில்நுட்ப உதவிப் பிரிவிலோதான் பெரும்பாலும் இடம் கிடைக்கும். அரச உத்தியோகமே தங்கள் விருப்பம் என்றால், அங்கே கருவியைக் கேட்க மாட்டார்கள், பட்டத்தைத்தான் கேட்பார்கள். ஆதலால் பல்கலைக்கழக விண்ணப்பத்தை இதற்காகப் பின்போட வேண்டாம்.

கணிதப் பிரிவில் இசட் புள்ளி போதுமானதாக வந்தால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரிலேயே இருக்கிறது, அங்கு கணினிப் பொறியியல் துறையும் உண்டு. 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியாவில் பிரயோக விஞ்ஞான பீடம் தகவல் தொழில்நுட்பப் பட்டம் வழங்குகிறது. வெட்டுப்புள்ளி கிடைக்காவிட்டால், கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரி பிஐரி (தகவல் தொழில்நுட்ப இளமாணி) பட்டத்தை வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். அறிவியல் நகரிலுள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் தொழிற்தகைமைச் சான்றிதழுடன் இத்துறையைப் பயிலலாம். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு "முகிற்கணினி நிபுணர்" ஆக்குவதாகச் சொல்லும் குறுகிய வகுப்புகளுக்கு இப்போது பணம் கட்டுவதை நான் ஆதரிக்கவில்லை.

ஆங்கில வகுப்பைப் பற்றிய தங்கள் கவலை நியாயமானதே. வகுப்புக்குப் போக மனமில்லை என்றால், கருவியை நிறுவும் முறையையும் ஒவ்வொரு கட்டளையின் பயனையும் பிழைச் செய்திகளின் பொருளையும் ஆங்கிலத்தில் எழுதி, நிரல்களைப் பகிரும் இணையத்தளமான கிட்ஹப்பில் இடச் சொல்லுங்கள். மேற்சொன்ன குறைகள் நீங்கி, அந்த விளக்கத்தை மட்டும் வாசித்து அவருடைய தோழி ஒருவர் தன் கணினியில் நிறுவி ஓட்டும் நாளை முதற்பதிப்பின் முடிவாக வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பின் புதிய வசதிகளைச் சேர்ப்பதைவிட, லீமா போன்ற ஒரு திட்டத்தில் சிறிய வழு ஒன்றைத் திருத்தி அனுப்புவது கூடுதலாகப் பயன்படும். மற்றவர் எழுதிய நிரலை வாசிக்கும் பழக்கம் அப்போதுதான் வரும். 18 வயது நிரம்பியவர்கள், திறந்த மூலத் திட்டங்களில் புதியவர்களைப் பங்களிக்க வைக்கும் கூகிள் சம்மர் ஒஃப் கோட் திட்டத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

கடைசியாக, நகையை அடகு வைத்துப் புது மடிக்கணினி வாங்குவதா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அல்பைன் போன்ற சிறிய லினக்ஸுக்கு 256 மெகாபைட் நினைவகம் கொடுத்தாலே இந்த வேலைக்குப் போதும். பழைய கணினியின் பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புகளில்) மெய்நிகராக்க வசதி இயக்கப்பட்டிருக்கிறதா என்று மகள் முதலில் பார்க்கட்டும். பின்னர் நினைவகத்தை 8 ஜிகாபைட்டாகக் கூட்டி, வன்தட்டுக்குப் பதிலாக அதைவிட வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகம் போடுவது புதியதன் விலையில் சிறு பங்குடன் முடிந்துவிடும். வாங்குமுன் மாதிரி இலக்கத்தைக் கடையில் காட்டிக் கேளுங்கள். சில மெல்லிய மாதிரிகளில் நினைவகம் தாய்ப்பலகையோடு ஒட்டியே வருவதால் கூட்ட இடமிருக்காது.