வாசகர் கேள்வி – பதில்: மூத்தோர் வீட்டுக் குப்பை

அம்மாவுக்கு 78 வயது. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடியில் தனியாக இருக்கிறார். விசில் சத்தம் கேட்டு வாளியோடு இறங்குவதற்குள் குப்பை வண்டி போய்விடுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, மேற்கு மாம்பலம்

முதலில் அந்த அவசரத்தை நிறுத்துங்கள். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். ஒரு கையில் வாளியும் சேர்ந்தால் படியில் விழ அதுவே போதும்.

தினமும் கீழே போக வேண்டியது மக்கும் குப்பை மட்டும்தான். பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்தால் மக்காத குப்பை ஒரு வாரம் வீட்டில் இருந்தாலும் நாறாது. நீங்கள் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். ஒருவர் சமைத்துச் சாப்பிடும் வீட்டில் மக்கும் குப்பை நாளுக்கு அரைக் கிலோ அளவில்தான் சேரும். அதிலும் கனப்பது தண்ணீர். காய்த்தோலையும் காபிச் சக்கையையும் வடிதட்டில் வடியவிட்டு, செய்தித்தாளில் சுருட்டினால் எடை நன்றாகக் குறையும். 12 லிட்டர் வாளிக்குப் பதில் 5 லிட்டர் மூடி வாளி வாங்குங்கள். பொட்டலத்தைத் தோளில் மாட்டும் துணிப்பையில் போட்டால் இரண்டு கையும் கைப்பிடிக்குக் கிடைக்கும்.

கீழே கேட்டருகே இடுப்பு உயரத்தில் ஒரு கொக்கி அடித்து, அதில் வாளியை மாட்டிவைக்கத் தூய்மைப் பணியாளரிடம் பேசிக்கொள்ளுங்கள். அப்போது அம்மா முந்தைய மாலை வெளிச்சம் இருக்கும்போதே, தன் வேகத்தில் இறங்கிப் போட்டுவிட்டு வரலாம். மூடி இறுக்கமாக இல்லையென்றால் இரவிலேயே நாய் இழுத்துவிடும்.

படுத்த படுக்கையாக இருக்கும் அப்பாவுக்கு ஒரு நாளைக்கு நான்கு டயாபர் ஆகிறது. பணியாளர் வாங்க மறுக்கிறார்.
– வாசகர், ஸ்ரீரங்கம்

அவர் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. பை பிரிந்தால் அதை வெறுங்கையால் தொட வேண்டியவர் அவர்தான். மலத்தை முதலில் கழிவறையில் தட்டிவிடுங்கள். டயாபரை முன்பக்கத்திலிருந்து உள்நோக்கி இறுகச் சுருட்டி, அதன் ஒட்டுப்பட்டையாலேயே கட்டுங்கள். செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையில் பெரிய வட்டம் போட்டுத் தனிப் பையில் கொடுங்கள். புனேயில் 'ஸ்வச்' தூய்மைப் பணியாளர் கூட்டுறவு பழக்கப்படுத்திய அடையாளம் இது. பிரித்துப் பார்க்காமலே உள்ளே இருப்பது என்னவென்று கையில் எடுப்பவருக்குத் தெரியும்.

கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. உள்ளே இருக்கும் ஜெல் ஊதிக் குழாயை அடைத்துவிடும். எரிக்கவும் கூடாது. நம் வெயிலில் ஒரே நாளில் புழு வைக்கும் என்பதால் தினமும் போயாக வேண்டிய குப்பை இது. அதுவரை இறுக்கமான மூடி உள்ள வாளியில், வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். நாற்றத்துக்குப் பலரும் பிளீச்சிங் பவுடர் தூவுகிறார்கள். அது ஆபத்து: சிறுநீரில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் மூச்சைத் திணறடிக்கும் வாயு கிளம்பும். சமையல் சோடா இரண்டு ஸ்பூன் தூவினால் போதும்.

இன்சுலின் ஊசிகளை எதில் போடுவது?
– வாசகி, நாகர்கோவில்

ஷாம்பு அல்லது பினாயில் வந்த, திருகுமூடி உள்ள கெட்டி பிளாஸ்டிக் பாட்டிலில். தண்ணீர் பாட்டிலை ஊசி துளைத்துவிடும். முக்கால் பங்கு நிரம்பியதும் மூடியை டேப்பால் சுற்றி, 'ஊசி' என்று எழுதித் தனியாகக் கொடுங்கள். காலாவதியான மாத்திரையும் ஊசியும் வீட்டு அபாயக் கழிவு. இவற்றைப் பெற 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வைக்கும்படி 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் உள்ளாட்சிகளுக்குச் சொல்லின.

ஜப்பானில் முதியோர் வீட்டு வாசலுக்கே வந்து குப்பை எடுக்கிறார்களாமே! எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் அப்படிச் செய்யலாமா?
– வாசகர், கோவை

செய்யலாம், செய்யவும் வேண்டும். அங்கே பத்துப் பேரில் கிட்டத்தட்ட மூவர் 65 வயதைக் கடந்தவர்கள். பொதுவாக, குறித்த நாளில் காலையிலேயே தெருமுனைக்குக் கொண்டுபோய் வைப்பது வீட்டுக்காரர் வேலை. அது முடியாதவர்களுக்காகப் பல நகராட்சிகள் 'ஃபுரேயாய் ஷூஷூ' என்ற சேவையை நடத்துகின்றன. தனியாக வாழும், பராமரிப்பு தேவைப்படும் முதியவர் பதிவு செய்துகொண்டால் பணியாளர் வாசலுக்கே வருவார். பை வெளியே இல்லையென்றால் கூப்பிட்டுப் பார்ப்பதும், பதில் வராவிட்டால் உறவினருக்குத் தகவல் சொல்வதும் பல ஊர்களில் இதோடு சேர்ந்தே நடக்கின்றன. இதை எப்படித் தொடங்குவது என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2021-இல் வழிகாட்டிக் கையேடே வெளியிட்டது.

இங்கே மேற்சொன்ன 2016 விதிகள் வீடு வீடாகக் குப்பை பெறச் சொன்னாலும், அடுக்குமாடிகளில் நுழைவாயிலிலேயே பெற்றுக்கொள்ள இடம் கொடுத்தன. மாடியில் இருக்கும் மூத்தவர்கள் அந்த இடைவெளியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் பட்டியல் எடுங்கள்: வீட்டு எண், மாடி, இரண்டு தொடர்பு எண்கள். கதவில் எந்த அடையாளமும் ஒட்டாதீர்கள். தனியாக இருக்கும் முதியவரைத் திருடனுக்குக் காட்டிக்கொடுப்பது போலாகிவிடும். மூன்று மாடி ஏறி இறங்க நான்கு நிமிடம் என்றால் பத்து வீட்டுக்கு 40 நிமிடம். அந்த நேரத்துக்குச் சங்கமே மாதாமாதம் பணம் கொடுக்கட்டும். வீட்டுக்கு வீடு கைக்காசு என்று விட்டால், கொடுக்க முடியாதவர் வாசலில்தான் முதலில் குப்பை தேங்கும்.