நெல்லை வெயிலுக்கு எந்த ஆர்க்கிட்? வாசகர் கேள்வி-பதில்

மாடித்தோட்டக் காய்கறிகளைப் பற்றிப் போன மாதம் எழுதியபோது, போகிற போக்கில் ஆர்க்கிட் என்று ஒரு வார்த்தை போட்டிருந்தேன். கத்தரியையும் வெண்டையையும் விட்டுவிட்டு எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. ஆர்க்கிட் வளர்ப்பு என்று கைபேசியில் தேடினால் வருகிற குறிப்புகளில் பாதிக்கு மேல் குளிர்நாட்டு வீடுகளுக்கு எழுதியவை. ஜன்னலோரம் வை, வாரம் மூன்று ஐஸ் கட்டி போடு என்பதெல்லாம் ஹீட்டர் ஓடுகிற அறைக்குச் சொன்னது. சித்திரை வெயிலும் ஆனி ஆடி மேல்காற்றும் உப்புத் தண்ணீரும் நம்முடைய சிக்கல்கள். அவற்றை வைத்துத்தான் இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: முதன்முதலாக ஆர்க்கிட் வாங்கப் போகிறேன். எதை வாங்கலாம்? மொட்டைமாடியில் வைக்கலாமா? (வண்ணார்பேட்டை)

டென்ட்ரோபியம் வாங்குங்கள். கல்யாண மேடை அலங்காரத்தில் ஊதாவும் வெள்ளையும் கலந்து நீளமாக நிற்குமே, அந்த சோனியா வகையே போதும். நம் வெப்பத்தைத் தாங்கும், சின்னச் சின்னத் தவறுகளை மன்னிக்கும், பூ ஒரு மாதத்துக்கு மேல் நிற்கும். அது கைக்கு வந்த பிறகு மொக்காரா, வாண்டா என்று போகலாம். அவற்றுக்கு வெளிச்சம் இன்னும் அதிகம் வேண்டும். சிம்பிடியம் மட்டும் வேண்டாம். அது ஊட்டி, கொடைக்கானல் குளிருக்கான செடி.

நர்சரியில் பூவைப் பார்த்து மயங்காமல் தொட்டியின் அடியைப் பாருங்கள். வேர் கெட்டியாக, வெள்ளையாகவோ பச்சையாகவோ இருக்க வேண்டும். செடியை லேசாக அசைத்தால் ஆடக் கூடாது. அடியில் புதுத் தளிர் ஒன்று கிளம்பியிருந்தால் யோசிக்காமல் எடுக்கலாம். விலை குறைவு என்று விரல் நீளத் திசு வளர்ப்பு நாற்றுகளை வாங்கினால், பூப் பார்க்க இரண்டு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்.

மொட்டைமாடியில் வைக்கலாம், ஆனால் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே. பங்குனி, சித்திரையில் அதன் மேல் இன்னொரு வலை போட்டாலும் தப்பில்லை. வெளிச்சம் சரியா என்பதை இலையே சொல்லிவிடும். கரும்பச்சையாகக் கொழுகொழுவென்று இருந்தால் வெளிச்சம் போதாது, பூக்காது. இளம்பச்சை சரி. மஞ்சளித்து நடுவில் கருகல் விழுந்தால் வெயில் சுட்டிருக்கிறது.

கேள்வி: செம்மண், மணல், மக்கிய சாணம் மூன்றும் சமமாகக் கலந்து அருமையாகத்தான் வைத்தேன். ஒரே மாதத்தில் அடி அழுகிவிட்டது. ஏன்? (வீரவநல்லூர்)

ரோஜாவுக்கு அருமையான கலவை. ஆர்க்கிட்டுக்கு அதுவே எமன்.

நாம் தொட்டியில் வளர்க்கிற ஆர்க்கிட்டுகள் பெரும்பாலும் மரத்தில் தொற்றி வாழ்பவை. அவற்றின் வேருக்கு மண் தெரியாது, காற்றுத்தான் தெரியும். வேரின் மேல் வெலமென் என்று பஞ்சு போன்ற ஓர் உறை இருக்கிறது. காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறமாகத் தெரியும். அதன் மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக மாறிவிடும். மழை விழுந்ததும் சட்டென்று உறிஞ்சிக்கொண்டு, அப்புறம் காற்றில் உலர்வதற்காக அமைந்த வேர் அது. ஈர மண்ணுக்குள் புதைத்தால் மூச்சு முட்டி அழுகாமல் என்ன செய்யும்?

எனவே கரியும் ஓடும்தான் வேண்டும். இஸ்திரிக் கடைக்குப் போடுகிற சீமைக்கருவேலக் கரி நம் பக்கம் தாராளமாகக் கிடைக்கும். அதைக் கட்டைவிரல் அளவுக்கு உடைத்துத் தூளைச் சலித்துக் கழுவிக்கொள்ளுங்கள். பழைய வீடு இடிக்கிற இடத்தில் ஓட்டுச் சில்லு சும்மாவே கொடுப்பார்கள். மூன்றாவதாகத் தேங்காய்க் கதம்பை, அதாவது தேங்காய் உரித்த மட்டை. இதைத் துண்டு போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி நாலைந்து நாள் ஊற வைத்துச் சாயமும் உப்பும் இறங்கிய பிறகு சேர்க்க வேண்டும்.

எவ்வளவு சேர்ப்பது என்பது உங்கள் ஊரைப் பொறுத்தது. பாளையங்கோட்டை, நாங்குநேரி மாதிரி வறண்ட இடத்தில் வெறும் கரி மதியத்துக்குள் காய்ந்துவிடும், அதனால் மூன்றில் ஒரு பங்கு கதம்பை இருக்கலாம். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் நாட்களில் கதம்பை உலரவே உலராது. அங்கே கரியும் ஓடும் மட்டும் போதும். வீரவநல்லூருக்கு இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டி, பக்கவாட்டில் ஓட்டை போட்ட மண் தொட்டியாக இருக்கட்டும். செடியின் அடிக்கிழங்கு கரிக்கு மேலே தெரிய வேண்டும், புதையக் கூடாது. ஒரு குச்சி நட்டு நூலால் கட்டிவிடுங்கள். செடி ஆடிக்கொண்டே இருந்தால் புது வேரின் நுனி உரசி உரசிக் கருகிப்போகும்.

கேள்வி: எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் விட வேண்டும்? (பலர்)

நாள் கணக்கு வேண்டாம். வேர் வெள்ளியாக இருந்தால் விடுங்கள், பச்சையாக இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். சித்திரை, வைகாசியில் தினமும் காலையில் தேவைப்படும். ஆனி, ஆடியில் வெயில் குறைந்தாலும் மேல்காற்று ஈரத்தை உருவி எடுத்துவிடுவதால் சில நாள் இரண்டு வேளை கேட்கும். மேற்குப் பக்கம் ஒரு நிழல்வலையைத் தடுப்பாகத் தொங்கவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். தொட்டிகளுக்குக் கீழே செங்கல் பரப்பி மாலையில் அதை மட்டும் நனைத்து விடுங்கள், செடியைச் சுற்றி ஈரக் காற்று இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செடியை வராந்தாவுக்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

விடும்போது தொட்டியின் அடி வழியாக ஓடும்படி நன்றாக விடுங்கள். காலையில்தான் விட வேண்டும். இலைக் கக்கத்தில் தண்ணீர் தேங்கி ராத்திரி முழுக்க நின்றால் குருத்து அழுகும்.

கேள்வி: எங்கள் ஊரில் போர் தண்ணீர் உப்பு. இலை நுனி கருகுகிறது, தொட்டியில் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. வேறு வழியே இல்லையா? (ராதாபுரம் பக்கம்)

படிந்திருப்பது உப்பேதான். கரி உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் நாளாக ஆக வேருக்குத் தொல்லை கூடிக்கொண்டே போகும்.

மழைத் தண்ணீரை மிஞ்சியது எதுவும் இல்லை. ஐப்பசி மழையில் இரண்டு டிரம் பிடித்துக் கொசு புகாமல் மூடி வைத்தால் நாலைந்து செடிக்கு நெடுநாள் வரும். ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு கிடையாது, அதையும் பயன்படுத்தலாம். ஆர்ஓ இயந்திரத்தின் குடிநீரும் ஆகும். அதிலிருந்து வெளியேறுகிற கழிவு நீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் வைத்திருந்தால் 200க்குக் கீழே நல்லது, 500ஐத் தாண்டினால் வேண்டாம். தினமும் நல்ல தண்ணீருக்கு வழியில்லை என்றால், வாரம் ஒரு தடவையாவது அதைத் தாராளமாக ஊற்றித் தொட்டியைக் கழுவி விடுங்கள்.

தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் வருகிற வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. வாளியில் பிடித்து ஒரு ராத்திரி வைத்திருந்து ஊற்றினால் போதும்.

கேள்வி: பரிசாக வந்த ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட் இரண்டரை மாதம் பூத்தது. அதற்கப்புறம் ஒரு வருடமாக இலை மட்டும்தான். உரம் போதவில்லையா? (மகாராஜநகர்)

உரத்தின் மேல் பழி இல்லை. ஃபலனாப்சிஸ் பூந்தண்டு விடுவதற்கு, சில வாரங்கள் தொடர்ந்து 25, 26 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். கடையில் வருகிற செடிகளைக் குளிரூட்டிய கூடத்தில் வைத்துப் பூக்க வைத்திருப்பார்கள். நமக்கு மார்கழியில்கூடப் பகலில் 29, 30 வந்துவிடும், ராத்திரி மட்டும் 22, 23க்கு இறங்கும். கார்த்திகை பிறந்ததும் செடியை அறைக்குள்ளிருந்து எடுத்துக் கூரையுள்ள வராந்தாவில் வையுங்கள். அந்த ராத்திரிக் குளிரில் சில செடிகள் தை, மாசியில் தண்டு விடும். சில விடாது. வருடா வருடம் பூக்கும் என்று உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

வந்தபோது இருந்த பிளாஸ்டிக் தொட்டியிலேயே இன்னும் இருந்தால், உள்ளே வேரைச் சுற்றி இறுக்கமாக அடைத்திருக்கும் ஸ்பாக்னம் பாசியை முதலில் எடுத்துவிடுங்கள். நம் ஊரில் இந்தச் செடி சாவதற்குப் பாதி நேரம் அதுதான் காரணம்.

கேள்வி: எங்கள் மாமரக் கிளையில் தடித்த இலையோடு ஏதோ தொற்றியிருக்கிறது. புல்லுருவி, வெட்டிவிடு என்கிறார் தாத்தா. ஆர்க்கிட் என்கிறான் தம்பி. எப்படித் தெரிந்துகொள்வது? (அம்பாசமுத்திரம்)

கிளையோடு ஒட்டியிருக்கும் இடத்தைப் பாருங்கள். புல்லுருவி கிளைக்குள் ஊடுருவி, மரத்தோடு ஒன்றாய் வீங்கிப் போயிருக்கும். ஆர்க்கிட்டின் வேர் பட்டையின் மேல் கயிறு மாதிரி ஓடிப் பிடித்திருக்கும், உள்ளே போகாது. மரத்தின் சத்தில் ஒரு சொட்டுக்கூட எடுக்காது. தடித்த இலை இரண்டு பக்கமும் வரிசையாக மடிந்து நின்றால் அது அநேகமாக வாண்டா டெஸலாட்டா. நம் சமவெளித் தோப்புகளில் இயல்பாக வருவதுதான். பழுப்பில் கட்டம் போட்ட இதழும் ஊதா உதடுமாகப் பூக்கும், வாசனையும் உண்டு. தாத்தாவிடம் பூக்கும்வரை பொறுக்கச் சொல்லுங்கள்.

இதைப் பார்த்துவிட்டு, காரையாறு, மணிமுத்தாறு பக்கம் காட்டில் இருப்பதை எடுத்து வரலாமா என்று இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், அங்கே ஒரு செடியைப் பிடுங்குவதும் குற்றம். அகத்தியமலையில் மட்டுமே வளரும் பாஃபியோபெடிலம் ட்ரூரியை என்ற மஞ்சள் பூ ஆர்க்கிட் 1865இல் ட்ரூரி என்ற ராணுவ அதிகாரியின் கண்ணில் பட்டது. அதன் பிறகு சேகரிப்பவர்கள் அள்ளி அள்ளி, இன்று காட்டில் அதைத் தேடித்தான் பார்க்க வேண்டும். காட்டு ஆர்க்கிட் பார்க்கிற ஆசை இருந்தால் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, ஒரு நடை போய் வாருங்கள்.

கேள்வி: என்ன உரம்? அரிசி களைந்த தண்ணீர் ஊற்றலாமா? (களக்காடு)

தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 உரத்தைக் கடையில் கேளுங்கள். லிட்டருக்கு 1 கிராம், வாரம் ஒரு தடவை, முதலில் வெறும் தண்ணீரால் வேரை நனைத்துவிட்டு. அரிசித் தண்ணீர் கரிக்குள் புளித்து எறும்பையும் பூஞ்சையையும் கூட்டிவரும். அது முருங்கைக்கே போகட்டும்.

கேள்வி: டென்ட்ரோபியத்தில் மொட்டு வரிசையாக வந்தது. விரியாமல் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டது. வராந்தாவில்தான் இருக்கிறது, வெயிலும் படவில்லை. (கல்லிடைக்குறிச்சி)

அதே வராந்தாவில் வாழைத்தார் தொங்குகிறதா? பழுக்கிற வாழையிலிருந்து எத்திலீன் வாயு வரும், ஆர்க்கிட் மொட்டு அதைத் தாங்காது. தாரை அடுப்படிப் பக்கம் மாற்றுங்கள். தார் இல்லை என்றால் வறண்ட காற்றோ, மொட்டு வந்த நேரத்தில் தொட்டியை இடம் மாற்றியதோ காரணமாக இருக்கும்.

கேள்வி: இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கும் பழைய தண்டுகளை வெட்டிவிடலாமா? (திசையன்விளை)

பச்சையாக இருக்கும்வரை வெட்டாதீர்கள். புதுத் தண்டுக்கான தண்ணீரும் சத்தும் அதில்தான் சேமிப்பில் இருக்கிறது, சில சமயம் அதன் நுனியிலேயே பூவும் வரும். கணுவில் குட்டிச் செடி முளைத்தால் அதன் வேர் இரண்டு அங்குலம் நீளும்வரை விட்டு, அப்புறம் சுத்தமான கத்தியால் பிரித்துத் தனித் தொட்டியில் வையுங்கள். வெட்டிய வாயில் லவங்கப்பட்டைத் தூள் தடவலாம், வேரில் படாமல்.