பேர்தான் கதை: நோராகாமியை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: நோராகாமி என்ற ஜப்பானிய அனிமே, அதாவது கார்ட்டூன் தொடர், இரண்டு சீசனும் பார்த்துவிட்டேன். மிச்சக் கதைக்காக மங்கா, அதாவது அதன் சித்திரக்கதைப் புத்தகம், படிக்கலாம் என்று நடுவில் ஒரு பாகத்தைப் புரட்டினால், ஒரே ஆளை வெவ்வேறு பேர்களைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். தலை சுற்றுகிறது. எந்தப் பாகத்திலிருந்து ஆரம்பிக்கட்டும்? ஜப்பானியச் சாமிகளைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டுமா?

பதில்: முதல் பாகத்திலிருந்தே ஆரம்பியுங்கள். பார்த்த கதைதானே என்று தாண்டினால் மாட்டிக்கொள்வீர்கள். முதல் சீசனின் முடிவில் ராபோ என்பவனோடு வரும் சண்டை மங்காவில் கிடையாது, அனிமேக்காரர்கள் சேர்த்தது. அடாச்சிடோகா என்ற பெயரில் இருவர் சேர்ந்து எழுதி வரைந்த இந்த மங்கா 2010 டிசம்பரில் தொடங்கி 2024 ஜனவரியில் முடிந்தது. மொத்தம் 27 பாகம். நீங்கள் பார்த்த 25 எபிசோடும் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

இனி அந்தப் பேர்க் குழப்பம். உங்களுக்குத் தலை சுற்றியதில் தப்பே இல்லை. இந்தக் கதையே பேர்களை வைத்துத்தான் ஓடுகிறது. செத்துப்போன ஒருவரின் ஆவிக்கு ஒரு சாமி பேர் வைத்தால், அந்த ஆவி அவருடைய ஷின்கி ஆகிவிடும். சண்டை என்று வந்தால் ஆயுதமாக மாறும். கதாநாயகன் யாட்டோவும் ஒரு சாமிதான். அவன் பனி கொட்டும் நேரத்தில் ஒரு சிறுவனின் ஆவியைப் பார்க்கிறான். பனிக்கான எழுத்தையே பேராக வைக்கிறான். அந்த ஒரே எழுத்தை ஜப்பானியர் தங்கள் சொந்தச் சொல்லாக 'யுகி' என்றும் படிப்பார்கள், சீனத்திலிருந்து வந்த உச்சரிப்பில் 'செட்சு' என்றும் படிப்பார்கள். நாம் ஒன்றையே பனி என்றும் சொல்கிறோம், ஹிமம் என்றும் சொல்கிறோம் இல்லையா, கிட்டத்தட்ட அது மாதிரி. 'யுகி'யோடு யாட்டோ தன் ஷின்கிகளுக்கு வைக்கும் 'நே' சேர்ந்தால் யுகினே, அது வீட்டில் கூப்பிடும் பேர். 'செட்சு'வோடு கலம் என்று பொருள்படும் 'கி' சேர்ந்தால் செக்கி, அது வாளாக வரச் சொல்லும்போது கூப்பிடும் பேர். உயிரோடு இருந்தபோது இருந்த பேர் மூன்றாவது. அது அந்த ஷின்கிக்கே ஞாபகம் இருக்காது.

ஆகவே பேரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். அது அந்த ஆவி எந்தச் சாமி வீட்டுப் பிள்ளை என்று சொல்லும். முதல் அத்தியாயத்தில் யாட்டோவை உதறிவிட்டுப் போகும் பெண் தோமோனே. பிறகு தென்ஜின் சாமியிடம் மாயு என்ற பேரில் இருப்பவளும் அவளேதான். பல சாமிகளிடம் பேர் வாங்கிய ஷின்கியை 'நோரா' என்பார்கள், தெருவில் திரியும் நாயைச் சொல்வதுபோல. கதை தொடங்கும்போது யாட்டோவுக்குக் கோயிலே கிடையாது, அதனால்தான் தலைப்பிலும் அதே சொல் ('காமி' என்றால் சாமி). யாட்டோ என்ற பேருக்கே ஒரு கதை இருக்கிறது. அதை இங்கே சொல்ல மாட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் பேர்களைக் குறித்து, படிக்கிற பாகத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் படித்தேன், வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாமிகளைப் பற்றி முன்கூட்டியே படிக்கத் தேவையில்லை. ஆனால் சில விஷயம் தெரிந்திருந்தால் ருசி கூடும். யாட்டோ எந்த வேலைக்கும் 5 யென் மட்டும் வாங்குவது சும்மா இல்லை. ஜப்பானிய மொழியில் 'கோ-என்' என்றால் 5 யென்னும்தான், உறவு, பந்தம் என்ற பொருளும்தான். கோயில் உண்டியலில் அந்த நாணயத்தைப் போடும் வழக்கம் அங்கே நிஜமாகவே உண்டு. கதையில் வரும் பிஷாமோன் என்ற சாமி நமக்கு அந்நியமே இல்லை. வைஸ்ரவணன், அதாவது குபேரன், பௌத்தத்தோடு சீனா வழியாகப் போய் அங்கே போர்த் தெய்வமானவர். மங்காவில் அவரைப் பெண்ணாக்கியிருக்கிறார்கள். தென்ஜின் நிஜ மனிதர். சுகாவாரா நோ மிச்சிசானே என்ற அறிஞர், அரசவைச் சூழ்ச்சியில் நாடு கடத்தப்பட்டு 903-இல் இறந்தார். 930-இல் அரண்மனையில் இடி விழுந்ததும் அவருடைய கோபம்தான் என்று பயந்து சாமியாக்கிக் கும்பிட்டார்கள். அநியாயமாகச் செத்தவரைத் தெய்வமாக்குவது நம் மதுரை வீரன் கதையில் நமக்குப் பழகியதுதான். இன்று ஜப்பானில் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் வேண்டிக்கொள்வது மிச்சிசானேயிடம்தான்.

பக்கங்களை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும், கட்டங்களையும் அப்படியே. பத்துப் பக்கத்தில் பழகிவிடும். முறையாக வெளியான ஆங்கிலப் பதிப்பில் பாகத்தின் கடைசியில் மொழிபெயர்ப்பாளர் குறிப்புகள் இருக்கும். அவற்றைத் தாண்டாதீர்கள், சிலேடைகள் எல்லாம் அங்கேதான் அவிழும். பின்பாதியில் ஷின்கிகளின் பழைய வாழ்க்கை வெளிவரும் இடங்கள் ரொம்பக் கனமானவை. வீட்டில் சின்னப் பிள்ளைகள் கேட்டால் நீங்கள் முதலில் படித்துவிட்டுக் கொடுங்கள்.

27 பாகத்தையும் ஒரேயடியாக வாங்க வேண்டாம். யுகினேவுக்கு நடக்கும் சுத்திகரிப்புச் சடங்கு வரை இரவல் வாங்கிப் படியுங்கள். அனிமேயில் பார்த்த காட்சிதான், இருந்தாலும் மங்காவில் அதை வரைந்திருக்கும் விதம் வேறு. அதற்கும் மனசு அசையவில்லை என்றால் பாகங்களைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.