வேலை போனால் இஎஸ்ஐ-யில் எவ்வளவு கிடைக்கும்?

கேள்வி: சார், ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மூன்று வருடம் கான்ட்ராக்ட்டில் இருந்தேன், சம்பளம் 18,000. ஆர்டர் இல்லை என்று போன மாதம் எங்கள் லைனையே நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டில் வேலை போனால் வாராவாரம் பணம் தருவார்களாமே, நமக்கு ஏதாவது உண்டா? - ராயக்கோட்டை வாசகர்

பதில்: உண்டு. ஆனால் வாரக் கணக்கு இல்லை, நாள் கணக்கு. இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் ஆனவர்களுக்கு அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா என்ற வேலையிழப்பு நிவாரணம் 2018 ஜூலையிலிருந்து இருக்கிறது.

கணக்கு இப்படி. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று ஆறாறு மாதமாக இஎஸ்ஐ பிரித்து வைத்திருக்கிறது. வேலை போவதற்கு முந்தைய அப்படிப்பட்ட நான்கு காலங்களில் நீங்கள் வாங்கிய மொத்தச் சம்பளத்தை 730-ஆல் (இரண்டு வருட நாட்கள்) வகுத்து, அதில் பாதியைத் தருவார்கள். 2020-க்கு முன்பு கால்வாசிதான். உங்களுக்கு இரண்டு வருடச் சம்பளம் 4,32,000 வகுத்தல் 730, சுமார் 592 ரூபாய், பாதி 296. வாரத்துக்கு 2,070 சொச்சம். அதிகபட்சம் 90 நாள், மொத்தம் 26,600 ரூபாய் போல வரும். வாழ்நாளில் ஒரு முறைதான்.

730 மாறாது என்பதைக் கவனியுங்கள். இடையில் நான்கு மாதம் சம்பளம் இல்லாமல் இருந்திருந்தால் நாளுக்கு 247 ஆகிவிடும்.

தகுதிக்கு இரண்டு வருட வேலை வேண்டும், கடைசி ஆறு மாதக் காலத்தில் 78 நாளாவது பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும், மற்ற மூன்றில் ஏதாவது ஒன்றிலும் அதே 78 நாள். கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சிக்கல் வருவது இங்கேதான். கான்ட்ராக்டர் மாறும்போது பழைய இஎஸ்ஐ நம்பரைக் கொடுக்காமல் புதிதாக ஒன்று போட்டுவிடுவார்கள், உங்கள் இரண்டு வருடம் இரண்டு துண்டாகக் கிடக்கும். சம்பளச் சீட்டுகளை எடுத்து எல்லாவற்றிலும் ஒரே நம்பர்தானா என்று பாருங்கள், இல்லையென்றால் முதலில் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், கணக்கு முடிக்கிறோம் என்று ராஜினாமா கடிதத்தை நீட்டினால் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். தானாக விலகியதாக ஆகிவிட்டால், ஆட்குறைப்புக்குச் சட்டப்படி வரவேண்டிய, வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்ற இழப்பீடும் கைநழுவும்.

வேலை போய் 30 நாள் ஆனதும் விண்ணப்பிக்கலாம், உங்களுக்கு அது வந்துவிட்டது. ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்குப் போங்கள். திட்டத்தை அவ்வப்போது நீட்டித்துத்தான் நடத்துகிறார்கள், அதனால் தள்ளிப்போட வேண்டாம். நிவாரணம் வாங்கும் நாட்களில் இஎஸ்ஐ மருத்துவமும் உண்டு.